ஏழின் வரிசை

பிற்பகல் ஒன்றேகாலுக்கு நீளமாக ஒரு மணி அடிப்பார்கள். அதற்கப்புறம் இரண்டு மூன்று நிமிஷம் ஒரு சத்தமும் இருக்காது. விடைத்தாளை வாங்கி, எண்ணி, அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். கூடவே எண்கள் இறங்கி வரும்.

"இருபது ரூட் டூ."

"எனக்குப் பத்து ரூட் டூ தானலே வந்துச்சு."

"ரெண்டால பெருக்குனியா?"

கேட்கப்பட்டவன் பதில் சொல்ல மாட்டான். படியிலேயே நின்றுவிடுவான். பின்னால் வருகிறவர்கள் அவனை இடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

பிளஸ் டூ கணக்குப் பரீட்சை முடிந்த மத்தியானம் என்றால் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது. நான் எழுதியது 1,200 மதிப்பெண் காலத்தில். எந்த வருஷம் என்று சொல்லப்போவதில்லை, வயசு தெரிந்துவிடும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கிராமம், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பரீட்சை மையம் டவுனில் வேறொரு பள்ளிக்கூடம். காலை எட்டே கால் பஸ்ஸைப் பிடித்து, கையில் பரீட்சை அட்டையும் ஜாமெட்ரி பாக்ஸும் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். முடிந்த பிறகும் அதே மரத்தடிக்குத்தான் வருவோம். கணக்கு சார் தலைப்பாடாக அடித்துக்கொள்வார். "முடிஞ்ச பரீட்சைய பேசாதீங்கப்பா. கொஸ்டின் பேப்பர மடிச்சு உள்ள வச்சுட்டு அடுத்ததுக்குப் படிங்க." நியாயமான பேச்சுதான். ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்தப் பாலத்துக் கணக்கை 2018-க்கு முன்பு பிளஸ் டூ படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொங்கு பாலத்தின் கம்பி வடம் பரவளைய வடிவில் இருக்கிறது. அகலம் 40 மீட்டர். சாலை, வடத்தின் தாழ்ந்த புள்ளிக்கு 5 மீட்டர் கீழே. தூண்களின் உயரம் 55 மீட்டர். தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் குறுக்கே ஒரு தாங்கி கொடுத்தால் அதன் நீளம் என்ன? 55-லும் 30-லும் அந்த ஐந்தைக் கழிக்கத் தெரிந்தால் கணக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கழிக்காவிட்டால் 400-ஐ 55-ஆல் வகுத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். எல்லாம் சரியாகப் போட்டு 10 ரூட் 2 வந்ததும் பேனாவை மூடிவிடுகிற ஒரு கூட்டம் உண்டு. அது பாதி நீளம்தான். மறுபக்கமும் வடம் இருக்கிறதே, இரண்டால் பெருக்க வேண்டும். பத்து மார்க்கில் எட்டோ ஒன்பதோ ஸ்டெப்புக்கு வந்துவிடும், பெரிய நஷ்டமில்லை. ஆனால் "ரெண்டால பெருக்குனியா?" என்று ஒருத்தன் கேட்கும் தொனி இருக்கிறதே, அதற்கு முழு நூறு மார்க் போனால்கூடத் தேவலை.

இருந்தாலும் பெரிய கணக்குகளை வைத்து ரொம்ப நேரம் சண்டை போட முடியாது. அப்போது கணக்குக்கு 200 மதிப்பெண். ஆறு மார்க்கில் பதினைந்துக்குப் பத்து, பத்து மார்க்கிலும் பதினைந்துக்குப் பத்து எழுத வேண்டும். 55-வதும் 70-வதும் கட்டாயக் கேள்விகள், அதிலும் 'அல்லது' இருக்கும். ஆகவே ஆளாளுக்கு வேறு வேறு கணக்கு எழுதியிருப்பான். ஒருத்தன் எபீலியன் குலம் எழுதியிருப்பான், இன்னொருத்தன் அதைச் சாய்ஸில் விட்டிருப்பான். ஒப்பிடுவதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே மைதானம், ஒரு மார்க் கேள்விகள். நாற்பது. எல்லாமே கட்டாயம். விடை சரி அல்லது தப்பு, நடுவில் ஸ்டெப் மார்க் கிடையாது.

வினாத்தாளில் பதிவெண்ணைத் தவிர எதுவும் எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பென்சிலால் ஒரு புள்ளி. தேர்ந்தெடுத்த விடைக்குப் பக்கத்தில், கண்காணிப்பாளர் கண்ணுக்குத் தூசி மாதிரி தெரிகிற அளவுக்கு. வெளியே வந்து தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் நமக்கே தெரியும். சரி, எல்லாம் புள்ளி வைத்தாயிற்று, ஒப்பிட்டுவிடலாம் என்றால் அதற்கும் ஒரு வில்லங்கம். ஏ டைப், பி டைப் என்று இரண்டு வகை வினாத்தாள். கேள்விகள் ஒன்றுதான், வரிசை மாறியிருக்கும். "பன்னெண்டாவதுக்கு என்ன?" "ரெண்டு." "இல்லலே, நாலு." "புக் பேக்ல அப்படியே இருக்குலே, ரெண்டுதான்." ஐந்து நிமிஷம் குரல் ஏறி, ஒருத்தன் அம்மா பெயரில் சத்தியம் பண்ணுகிற கட்டம் வரும்போதுதான் தெரியும், இவன் பேசுவது கலப்பெண், அவன் பேசுவது நிகழ்தகவு. இரண்டு பேரும் சரி. இதில் வந்த சந்தோஷம் பரீட்சை முடிந்த சந்தோஷத்தைவிடப் பெரியது.

மரத்தடியில் விடை எப்படி முடிவாகும் என்பதுதான் விஷயம். கையில் புத்தகம் கிடையாது. அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவோம். கணக்கு சார் எங்கேயோ வேறு மையத்தில் கண்காணிப்பில் இருப்பார். மிச்சம் இருப்பது நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எங்களில் ஒருத்தன் சென்டம் கேண்டிடேட். காலாண்டில் 200, அரையாண்டில் 200, ரிவிஷனில் 198 வாங்கியதற்கு அழுதவன். அவன் ஒரு விடையைச் சொன்னால் அதுதான் விடை. அதே விடையைப் புள்ளி வைத்திருப்பவர்கள் சத்தமாக "ஆ, கரெக்ட்டு" என்பார்கள். வேறு விடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய்த் தண்ணீர் குடிப்பார்கள். அவன் இரண்டு மூன்று பேரோடு ஒத்துப்போய்விட்டால் அப்பீலே கிடையாது.

இருபத்தைந்தாவதோ இருபத்தாறாவதோ ஒரு கேள்வி. எனக்கு எண் மறந்துவிட்டது, கேள்வி மறக்கவில்லை. ஒன்பதின் மட்டில் எச்சங்களின், அதாவது ஒன்பதால் வகுத்தால் வரும் மீதிகளின், கூட்டல் குலத்தில் ஏழின் வரிசை என்ன? விடைகள்: 9, 6, 3, 1.

சென்டம் கேண்டிடேட் சொன்னான்: "மூணு."

அவன் காரணமும் சொன்னான். அதுதான் அவனுடைய பலம். "வரிசைன்னா அடுக்குதான. எத்தன அடுக்குல சமனி வருதுன்னு பாக்கணும். ஏழு கியூப் முந்நூத்தி நாப்பத்திமூணு. ஒம்பதால வகுத்தா மீதி ஒண்ணு. முடிஞ்சுச்சு." 38 ஒன்பது 342, மீதி 1. மனக்கணக்காகப் போட்டுக் காட்டினான். கூட்டம் அப்படியே சாய்ந்தது.

என் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தான். ஒரே பஸ்ஸில்தான் போய் வருவோம். அதிகம் பேச மாட்டான். தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டு ஒட்டிக்கொடுக்கிற வீடு, அவனும் ராத்திரி ஒட்டுவான். அவன் மெதுவாகச் சொன்னான்: "ஒம்பதுன்னு போட்டிருக்கேன். கூட்டல்லா அது."

"கூட்டல் குலம்னாலும் வரிசைக்கு அடுக்குதாம்லே."

"கூட்டல் குலத்துல அடுக்குன்னா திரும்பத் திரும்பக் கூட்டுறதுதான..."

அவன் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். ஏழு. ஏழும் ஏழும் பதினாலு, ஒன்பது போனால் ஐந்து. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, மூன்று. அப்புறம் ஒன்று. அப்புறம் எட்டு, ஆறு, நாலு, இரண்டு, பூஜ்ஜியம். கூட்டலுக்குச் சமனி, அதாவது எதோடு சேர்த்தாலும் அதை மாற்றாத எண், பூஜ்ஜியம்தான். பெருக்கலுக்குத்தான் ஒன்று. அது வருவது ஒன்பதாவது விரலில். இன்றைக்கு எழுதும்போது அந்த வரிசை எனக்கு ஒரு பாட்டு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அவன் நாலாவது விரலைத் தொடும்போதே மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சென்டம் கேண்டிடேட் என்னைப் பார்த்தான். "நீ என்ன போட்ட?"

நான் போட்டிருந்தது ஒன்பது.

எப்படிப் போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யோசித்துப் போடவில்லை. புத்தகத்துக் கேள்வி அது. பாடத்தின் கடைசியில் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளை நான் விடையோடு உருப்போட்டிருந்தேன். ஏழு என்று பார்த்ததும் ஒன்பது என்று கை போட்டுவிட்டது. குலம் என்றால் என்ன, வரிசை என்றால் என்ன என்று நிறுத்திக் கேட்டால் எனக்குத் தெரியாது. இங்கே ஒருத்தன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான், அவன் 200 வாங்குகிறவன், பத்துப் பேர் தலையாட்டுகிறார்கள். என்னிடம் இருப்பது புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் அந்த விடையைப் பார்த்தேன் என்கிற ஞாபகம் மட்டும்.

"மூணு" என்றேன்.

"பாத்தியா" என்று அவன் பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்துச் சொன்னான். அவன் விரலை மடக்கிக்கொண்டான்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று பேரில் மனப்பாடம் செய்தவன் தப்பித்தேன், நன்றாக யோசிக்கத் தெரிந்தவன் மாட்டினான். யோசித்துச் சரியாகவும் போட்டவன் தனியாக நின்றான். நம் பரீட்சை முறையைப் பற்றி யாராவது என்னிடம் பெரிதாகப் பேசும்போது இந்த மூன்று பேரையும்தான் நினைத்துக்கொள்வேன். பஸ் ஸ்டாப்பில் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கூட்டம் ஒன்று தனியாக இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அங்கே போய்க் கேட்டிருந்தால் வேறு பெரும்பான்மை கிடைத்திருக்கும். அதெல்லாம் அப்போது நடக்கிற காரியமா?

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நானும் அவனும். வெயில் கரிசல்காட்டில் கானல் கட்டியிருந்தது. அவன் வினாத்தாளைக் காணவில்லை, மரத்தடியிலேயே போட்டுவிட்டான் போலிருக்கிறது. கட்டாயக் கேள்வியில் ஏதோ ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும் என்று என் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்தான். நாலாக மடித்ததைப் பிரித்தான். புரட்டினான். ஜன்னல் வெளிச்சம் தாளில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு மார்க் பக்கத்தில் அவன் கண் நின்றதைப் பார்த்தேன். நின்றது, அவ்வளவுதான். மறுபடியும் அதே மடிப்பில் மடித்து என் பையில் வைத்துவிட்டான். கட்டாயக் கேள்வியைப் பார்க்கவே இல்லை.

நான் கடலைமிட்டாய் வாங்கி வைத்திருந்தேன். ஒரு துண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்பது. தெரிந்ததுதான். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அவனிடம் போன் கிடையாது என்று ஒரு சமாதானம் இருந்தது. போன் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் சென்டம் கேண்டிடேட் நல்லவன். அவனும் ராத்திரி புத்தகத்தைப் பார்த்திருக்கிறான். அடுத்த பரீட்சை வேதியியல். காலையில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஓடி வந்தான், கண் வீங்கியிருந்தது. நேராகப் பக்கத்து ஊர்க்காரன் கையைப் பிடித்தான். "நீ சொன்னதுதாம்லே சரி. ஒம்பதுதான்." அப்புறம் என் தோளில் கை போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்ட குரலில் சொன்னான்: "நாம ரெண்டு பேரும்தான் தப்பு."

"ஆமா" என்றேன்.

எழுதாத தப்பு விடைக்கு நான் துக்கப்பட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து ஊர்க்காரன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. "சரி விடு, கெமிஸ்ட்ரிய பாப்போம்" என்றான்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு மார்க்குக்கா இவ்வளவு என்று தோன்றலாம். அந்தக் காலத்துக் கணக்கு வேறு. 2007-ல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு போன பிறகு பொறியியல் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணக்கு 200-ஐ நூறாக்கி, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாக்கி, 200-க்குக் கட்-ஆஃப். கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை. அந்த அரைக்குள் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று கவுன்சலிங் போனவர்களுக்குத் தெரியும். ஒரே கட்-ஆஃப் வந்துவிட்டால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், பிறகு நாலாவது பாடம், அப்புறம் பிறந்த தேதி, அதுவும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண். பதினேழு வயசுப் பையனுக்கு மரத்தடியில் நிற்கும்போது இந்த ஏணி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மூணு என்று சொன்னவன் கூட்டத்தோடு இருக்கிறான், ஒன்பது என்று சொன்னவன் ஏணியில் ஒரு படி கீழே தனியாக இருக்கிறான் என்றுதான் படும்.

ரிசல்ட் வந்தது. சென்டம் கேண்டிடேட்டுக்கு 199. ஸ்கூலே துக்கம் விசாரித்தது. அந்த அரை மார்க்கால் குடி முழுகிவிடவில்லை, அவன் ஆசைப்பட்ட கல்லூரியே கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரன் 184. எனக்கு 171. அந்த 171-ல் ஒரு மார்க் எனக்கு மட்டும் தெரிந்த மார்க்காக இருந்தது. இல்லை, இரண்டு பேருக்கு.

இதை வைத்து விடை ஒப்பிடுவதே தப்பு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ பரீட்சையே ரத்தாகிப் போனது. பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அந்த வருஷத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். மார்க்கெல்லாம் நன்றாகத்தான் வந்தது. "என்னமோ டிக்கெட் வாங்காம பஸ்ஸ விட்டு இறங்குன மாதிரி இருக்குண்ணே" என்றான். மரத்தடி இல்லாமல் பரீட்சை முடியாது என்பது அவனைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

இப்போது மரத்தடி போனுக்குள் போய்விட்டது. போன் வந்த புதிதில் அது வேறு மாதிரியும் வேலை செய்தது. 2015 மார்ச்சில் ஓசூரில் கண்காணிப்புக்கு வந்த ஆசிரியர்களே பிளஸ் டூ கணக்கு வினாத்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கைதானார்கள். நாங்கள் பரீட்சை முடிந்து செய்த வேலையைப் பரீட்சை நடக்கும்போதே செய்திருக்கிறார்கள், அதுவும் சார்கள்.

அக்கா மகள் மதுரையில் பிளஸ் டூ எழுதினாள். இப்போது பாடத்துக்கு நூறுதான். கணக்கில் அகமதிப்பீடு பத்து, எழுத்துத் தேர்வு தொண்ணூறு. நாற்பது ஒரு மார்க் கேள்விகள் இருபதாகக் குறைந்துவிட்டன. கணக்குப் பரீட்சையன்று அவளைக் கூட்டிவர நான்தான் போனேன். எதுவும் கேட்கக்கூடாது என்று அக்கா ஏற்கெனவே கண்டிஷன் போட்டிருந்தாள். நானும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவளே பேசினாள்.

"மாமா, கீ வந்துருச்சு."

"அதுக்குள்ளயா?"

"மூணு குரூப்ல வந்துருச்சு."

டீக்கடை ஒன்றில் நிறுத்தினேன். பஜ்ஜி சொன்னேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். ஈருறுப்புப் பரவல், முயற்சிகள் 25, வெற்றிக்கான நிகழ்தகவு 0.8, திட்ட விலக்கம் என்ன. விடைகள் 6, 4, 3, 2. யாரோ ஒரு சார் கையால் எழுதிப் படமெடுத்த கீ ஒன்றில் 4. டியூஷன் சென்டர் கீ ஒன்றிலும் 4. மூன்றாவதில் 2.

"நீ என்ன போட்ட?"

"ரெண்டு" என்றாள். "ஆனா ரெண்டு கீல நாலுன்னு இருக்கு மாமா. அப்ப நாலுதான போல."

"நீ எப்படிப் போட்ட?"

"போட்டேன். இப்ப ஞாபகம் இல்ல."

பஜ்ஜி சுற்றி வந்த தாளில் எண்ணெய் படாத ஒரு ஓரம் இருந்தது. கடைக்காரரிடம் பேனா வாங்கினேன். "இருபத்தஞ்ச 0.8-ஆல பெருக்கு" என்றேன். இருபது. "அத 0.2-ஆல." நாலு. "இது என்னது?"

கொஞ்ச நேரம் அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேரியன்ஸ்" என்றாள். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி அந்த நாலின் மேல் தானே ரூட் போட்டாள்.